ஷிமானே மாகாணம்: இசுமோ, இவாமி, ஒக்கி – எங்கே எத்தனை நாள் வைப்பது?

கீழ்வானம் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ ஒரு வாரம் ஷிமானே போகலாம் என்று இருக்கிறோம். நான், கணவர், என் அம்மா. டோக்கியோ, கியோட்டோ எல்லாம் முன்பே பார்த்தாகிவிட்டது. கூட்டமில்லாத ஜப்பானைப் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. ஒரு பயண நிறுவனம் ஹிரோஷிமாவிலிருந்து ஒரே நாளில் இசுமோ கோயில், அதாச்சி தோட்டம், மட்சுயே கோட்டை மூன்றையும் காட்டிவிட்டுத் திரும்பும் திட்டம் அனுப்பியிருக்கிறது. அது போதுமா? அம்மாவுக்கு முழங்கால் வலி, நிறையப் படி ஏற முடியாது. சுத்த சைவம். கணவரிடம் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி இருக்கிறது.

ஹிரோஷிமாவாசி

அந்த ஒருநாள் திட்டத்தை முதலில் தள்ளி வையுங்கள். ஹிரோஷிமாவிலிருந்து மட்சுயேவுக்குச் சாலை வழியில் மட்டும் சுமார் மூன்று மணி நேரம். போக வர ஆறு மணி நேரம் பேருந்துக்கே போய்விட்டால் மிச்சத்தில் என்ன பார்ப்பது?

ஷிமானே ஜப்பான் கடலோரமாகக் கிழக்கு மேற்காக 200 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் ஒல்லியான மாகாணம். மக்கள்தொகையில் ஜப்பானிலேயே கடைசிக்கு முந்தைய இடம். கடைசி இடம் பக்கத்து தொத்தோரிக்கு. ஷின்கான்சென் (புல்லட் ரயில்) கிடையாது. பழைய காலத்தில் இது மூன்று தனி நாடுகள்: கிழக்கே இசுமோ, மேற்கே இவாமி, கடலுக்குள் ஒக்கித் தீவுகள். இன்றும் பேச்சு, சாப்பாடு, வீட்டுக் கூரையின் நிறம் உட்பட மூன்றும் வேறு வேறுதான். இவாமிக்குள் நுழைந்ததும் செம்பழுப்பு ஓட்டு வீடுகளாகத் தெரியும். அது செக்கிஷூ ஓடு (செக்கிஷூ என்பது இவாமியின் இன்னொரு பெயர்).

பெரும்பாலானவர்கள் இசுமோவை மட்டும் பார்த்துவிட்டு ஷிமானே முடிந்தது என்று கிளம்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் ஒரு வாரத்தில் பாதியை இவாமிக்கும் ஒக்கிக்கும் கொடுங்கள்.

மட்சுயேவில் இரண்டு இரவு. கோட்டை 1611இல் கட்டி முடித்தது. கான்கிரீட்டில் திரும்பக் கட்டாத, அசல் மரக் கோபுரம் நிற்கும் 12 கோட்டைகளில் ஒன்று, 2015இல் தேசியப் பொக்கிஷமானது. உள்ளே படிகள் ஏணி போலச் செங்குத்து, அம்மாவுக்கு வேண்டாம். அவரை அகழிப் படகில் ஏற்றுங்கள். சுமார் 50 நிமிடம் கோட்டையைச் சுற்றிவரும். தாழ்வான பாலம் வரும்போது படகின் கூரையே கீழே இறங்கும், எல்லோரும் குனிய வேண்டும். குளிர் தொடங்கிவிட்டால் படகுக்குள் கொத்தாட்சு (போர்வை போர்த்திய சூடான தாழ்மேசை) போட்டுவிடுவார்கள், கால் கதகதப்பாக இருக்கும்.

மாலையில் ஷின்ஜி ஏரிக்கரை. கடல்நீரும் ஆற்றுநீரும் கலக்கும் ஏரி இது. காலையில் சின்னப் படகுகளில் நின்றபடி நீளமான கழியில் வாரி போட்டு ஷிஜிமி மட்டி அள்ளுவார்கள். சாயங்காலம் யோமேகாஷிமா என்கிற குட்டித் தீவுக்குப் பின்னால் சூரியன் இறங்கும். அதற்காகவே ஊர்க்காரர்கள் கரையில் வந்து உட்காருவார்கள்.

ரயில்பித்தன்

டோக்கியோவில் இறங்குவதாக இருந்தால் சன்ரைஸ் இசுமோவை விடாதீர்கள். ஜப்பானில் தினமும் ஓடும் படுக்கை ரயில்களில் மிஞ்சியிருப்பது இதுவும் இதன் ஜோடியான சன்ரைஸ் செத்தோவும் மட்டும்தான். இரவு 21.50க்கு டோக்கியோவில் கிளம்பி, ஒக்காயாமாவில் இரண்டாகப் பிரிந்து, காலை பத்து மணிவாக்கில் இசுமோஷி சேரும். மட்சுயே தாண்டியதும் வலப்பக்க சன்னலில் ஷின்ஜி ஏரி. பயண நாளுக்கு ஒரு மாதம் முன்பு காலை பத்து மணிக்கு முன்பதிவு திறக்கும், தனி அறைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். அது கிடைக்காவிட்டால் ஒக்காயாமாவரை ஷின்கான்சென், பிறகு யாகுமோ விரைவு ரயில். மலைகளை வளைந்து வளைந்து கடந்து சுமார் மூன்று மணி நேரத்தில் இசுமோஷி வந்துவிடும்.

மட்சுயேயிலிருந்து இசுமோ கோயிலுக்குக் காரில் போகாமல் இச்சிபாதா ரயிலில் போங்கள். ஏரியின் வடகரையை ஒட்டியே ஓடும் சின்ன ரயில், சைக்கிளோடு ஏறும் பள்ளிப் பிள்ளைகளைப் பார்க்கலாம்.

உள்மலையில் கிசுக்கி பாதை என்று ஒன்று இருக்கிறது. இசுமோசக்கானே நிலையத்தில் ஏற்றம் தாங்காமல் ரயில் முன்னும் பின்னுமாக மூன்று தட்டாக மலையேறும். அதில் ஓடிய திறந்த பெட்டி சுற்றுலா ரயில் 2023இல் நின்றுபோனது. சாதாரண ரயிலும் நாளுக்குச் சில முறைதான். அதற்கு மேற்கே ஓடிய சான்கோ பாதை 108 கிலோமீட்டர் முழுவதையும் 2018இல் மூடிவிட்டார்கள். இருக்கும்போதே ஏறிப் பார்த்துவிட வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

செந்தாமரை

இசுமோ கோயிலுக்கு அரை நாளாவது வைக்க வேண்டும். பலரும் முன்மண்டபத்தில் கும்பிட்டு, பெரிய கயிற்றோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள்.

இங்கே குடியிருப்பவர் ஒக்குனினுஷி, உறவுகளை முடிச்சிடும் தெய்வம். மற்ற ஷிந்தோ கோயில்களில் பெரும்பாலும் இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, ஒரு முறை குனிவார்கள். இங்கே நான்கு முறை கைதட்ட வேண்டும். இன்றைய மூலக்கோயில் 1744இல் கட்டியது, உயரம் 24 மீட்டர். பழங்காலத்தில் 48 மீட்டர் உயரத்தில் நின்றது என்ற மரபுச் செய்தியைப் பலர் நம்பாமல் இருந்தார்கள். 2000இல் கோயில் வளாகத்திலேயே மூன்று பெரிய மரங்களைச் சேர்த்துக் கட்டிய தூணின் அடிப்பாகம் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தது. பழைய வரைபடத்தில் காட்டியிருந்தபடியே மூன்று மரக் கட்டு! அது 13ஆம் நூற்றாண்டுத் தூண். இப்போது தரையில் வட்டங்கள் போட்டு அந்த இடத்தைக் காட்டியிருக்கிறார்கள், தேடிப் பாருங்கள்.

கோயில் தெற்கு பார்த்தது. ஆனால் உள்ளே தெய்வம் மேற்கு பார்த்து அமர்ந்திருக்கிறது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் சுற்றிவந்து மேற்குப் பக்கமும் நின்று கும்பிடுவார்கள். பின்னால் மலையடிவாரத்தில் சொகா சன்னதி. இனாசா கடற்கரையில் கொஞ்சம் மணல் எடுத்துவந்து அங்கே வைத்து, ஏற்கெனவே இருக்கும் மணலை வீட்டுக்கு எடுத்துப் போவது வழக்கம். ஆக, முதலில் கடற்கரை, பிறகு கோயில்.

பழைய சந்திர நாட்காட்டியின் பத்தாம் மாதத்தில் ஜப்பானின் எல்லாத் தெய்வங்களும் இங்கே கூடுவதாக நம்பிக்கை. இனாசா கரையில் இரவில் தீ மூட்டி அவர்களை வரவேற்பார்கள். கோயிலின் இருபுறமும் 19 கதவுகளோடு நீளமான கட்டடங்கள் இருக்கும். அவை வந்த தெய்வங்கள் தங்கும் விடுதிகள், அந்த நாட்களில் மட்டும்தான் கதவு திறக்கும். பெரும்பாலும் நவம்பரில் வரும். என் ஓட்டு நவம்பருக்கு.

அம்மாவுக்குப் பிரச்சினை இல்லை. நுழைவு வழி சரிவாகக் கீழே இறங்கும், பிறகு பைன் மரங்களுக்கு நடுவே சமதளம்.

தீவுநாடி

நவம்பர் என்றால் ஒக்கி கைவிட்டுப் போகும், செந்தாமரை அக்கா. கடல் மாறத் தொடங்கிவிடும். அங்கே கடலுக்குள் நிற்கும் ரொசோக்கு பாறைக்குப் போகும் படகும் அக்டோபரோடு நின்றுவிடும். ஒக்கியைப் பற்றித் தனியாக இரவு எழுதுகிறேன்.

மூங்கில்காடு

அதாச்சி கலைக்கூடத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே? அமெரிக்காவிலிருந்து வரும் ஜப்பானியத் தோட்ட இதழ் 2003 முதல் ஆண்டுதோறும் முதலிடம் கொடுத்துவரும் தோட்டம். யாசுகி நிலையத்திலிருந்து இலவசப் பேருந்து.

மண்வாசம்

அதாச்சியை நான் பட்டியலின் கடைசியில்தான் வைப்பேன். தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாது, கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்க்க வேண்டும். ஒரு இலைகூடக் கலையாத பூரணம். அந்த நேரத்துக்கு இசுமோவின் உட்பகுதியான ஒக்குஇசுமோ மலைக்குள் போனால் மனிதர்கள் வாழ்ந்து உண்டாக்கிய நிலம் கிடைக்கும்.

மூங்கில்காடு

மண்வாசம், நீங்கள் சொல்வதை ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. அந்தச் சன்னல்களையே ஓவியச் சட்டம் போல வைத்திருக்கிறார் அதைக் கட்டிய அதாச்சி சென்கோ. அந்த ஊரிலேயே பிறந்து, வியாபாரத்தில் சம்பாதித்து, 1970இல் எழுபது வயதைத் தாண்டிய பிறகு திறந்தார். வெள்ளை மணலும் பைன் மரங்களும் முன்னால், பின்னால் தொலைவில் இருக்கும் நிஜ மலைகளும் அதே படத்துக்குள் வந்து சேரும். உள்ளே யோக்கோயாமா தைக்கானின் ஓவியங்கள். அவற்றைப் பார்த்துவிட்டு மறுபடி சன்னலுக்கு வந்தால் எது ஓவியம் என்று கண் தடுமாறும். முழங்கால் வலி உள்ள அம்மாவுக்கு இதைவிடத் தோதான இடம் ஷிமானேயில் இல்லை. எல்லாம் ஒரே தளம்போல நடை, உட்கார இடம், மழை பெய்தாலும் கெடாது.

மண்வாசம்

அம்மாவை நினைத்துப் பார்த்தால் நீங்கள் சொல்வது நியாயம். போகட்டும். ஆனால் ஒக்குஇசுமோவையும் சேர்க்கச் சொல்வேன், காரணம் சொல்கிறேன்.

ஜப்பானிய வாளுக்கான எஃகு, தமாஹகானே, இன்றும் ஒக்குஇசுமோவில்தான் உருகுகிறது. தத்தாரா என்பது களிமண்ணால் கட்டும் உலை. மூன்று பகல் மூன்று இரவு அணையாமல் எரிப்பார்கள். ஒரு முறைக்கு இரும்பு மணல் சுமார் 10 டன், மரக்கரி 12 டன் போட்டு, கடைசியில் உலையையே உடைத்து 2.5 டன் இரும்புக் கட்டியை இழுத்து வெளியே எடுப்பார்கள். வாளுக்குத் தேறுவது அதில் ஒரு பகுதிதான். போருக்குப் பின் நின்றுபோன இந்த வேலையை 1977இல் மறுபடி தொடங்கினார்கள். குளிர்காலத்தில் மட்டும் நடக்கும், வெளியார் பார்க்க முடியாது. யோக்கோதாவில் இருக்கும் தத்தாரா வாள் அருங்காட்சியகத்தில் முழுச் செய்முறையும் புரியும்.

பழைய உலைக்கூடத்தையே பார்க்க உன்னான் பக்கம் யோஷிதாவில் சுகாயா தத்தாரா. 1751 முதல் 1921 வரை எரிந்த இடம். உலையைச் சுற்றி எழுப்பிய அந்த உயரமான மரக்கூடம் ஜப்பானில் இங்கே மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. பக்கத்தில் ஒரு பெரிய கத்சுரா மரம். இரும்புத் தெய்வம் நாரை மேலேறி வந்து இறங்கிய மரவகை அது என்பதால் நட்டது.

இப்போது நிலத்துக்கு வருகிறேன். இரும்பு மணலுக்காக மலையை வெட்டி நீரில் கரைத்து ஓடவிட்டார்கள். அப்படிக் கரைந்த மலைகளை அப்படியே பாழாக விடவில்லை, தட்டுத்தட்டான வயலாக்கினார்கள். அங்கே விளைவதுதான் பெயர்பெற்ற நித்தா அரிசி. வயல்களுக்கு நடுவே அங்கங்கே சின்ன மேடு, மேல் நாலு மரம், ஒரு சன்னதி அல்லது கல்லறை நிற்கும். சுற்றிலும் இருந்த மலை போனபோதும் முன்னோர் படுத்திருந்த இடத்தை மட்டும் தொடவில்லை. இப்படி ஒரு நிலக்காட்சியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இந்த மலையிலிருந்து இறங்கும் ஹீ ஆற்றங்கரையில்தான் சுசானோ தெய்வம் எட்டுத்தலைப் பாம்பைக் கொன்றதும் அதன் வாலில் வாள் கிடைத்ததும். இரும்பு மணல் கலந்து ஓடிய ஆறே அந்தப் பாம்பு என்று சொல்பவர்கள் உண்டு.

கீழ்வானம்

இவ்வளவு விவரமாக எழுதும் எல்லோருக்கும் நன்றி. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். வாலில் வாள் கிடைத்த கதையை இரண்டாம் முறை கேட்டார். சாப்பாடுதான் கவலை. மீன் கலக்காமல் ஒரு வாரம் ஓட்ட முடியுமா?

வேம்பு

முடியும், ஆனால் முன்கூட்டித் திட்டம் வேண்டும். மேலே தெரியும் மீன் துண்டை ஒதுக்கிவிடலாம், கண்ணுக்குத் தெரியாத தாஷி சாறுதான் சிக்கல். மிசோ சூப், நூடுல்ஸ் சாறு, வேகவைத்த காய்கறி எல்லாவற்றிலும் காய்ந்த மீன் சாறு இருக்கும். இசுமோவின் வரிகோ சோபா (பக்வீட் நூடுல்ஸ்) மூன்று அடுக்கு வட்டத் தட்டில் வரும், தோலோடு அரைத்த மாவு என்பதால் கருப்பாக, நல்ல வாசமாக இருக்கும். மேலே ஊற்றும் சாற்றில் மீன் உண்டு. நாங்கள் அதை ஊற்றாமல், கொண்டுபோன சோயா சாஸும் வசாபியும் சேர்த்துச் சாப்பிட்டோம். கடைக்காரரிடம் முன்பே பணிவாகச் சொல்லிவிடுவது நல்லது.

பாரம்பரிய விடுதியில் பதிவு செய்யும்போதே மீன் வேண்டாம், இறைச்சி வேண்டாம், மீன் சாறும் வேண்டாம் என்று தனித்தனியாக ஜப்பானிய மொழியில் எழுதி அனுப்புங்கள். வெஜிடேரியன் என்று மட்டும் சொன்னால் சாறு வந்துவிடும். கடைசி நேரத்தில் சொன்னால் அவர்களால் மாற்ற முடியாது, பாவம். மட்சுயேவில் இந்திய உணவகம் இருக்கிறது. தீவுக்குப் போகும்போது மட்டும் கையில் அவல், பொடி, ஊறுகாய் கட்டிக்கொள்ளுங்கள்.

இனிப்பில் கவலையே வேண்டாம். மட்சுயேவை ஆண்ட மட்சுதைரா ஃபுமாய் பெரிய தேநீர்ப் பித்தர், அவரால் இந்த ஊரில் சாதாரண வீட்டிலும் மாச்சா (பச்சைத் தேயிலைத் தூள் தேநீர்) குடிக்கும் பழக்கம் நிலைத்தது. கூடவே வாக்காக்குசா, யாமாக்காவா போன்ற இனிப்புகள், அரிசி மாவும் சர்க்கரையும்தான் அடிப்படை. இசுமோ கோயில் தெருவில் சென்சாய், சூடான சிவப்புப் பயறுப் பாயசம். அது பிறந்ததே தங்கள் ஊரில்தான் என்று சொல்வார்கள். அம்மாவுக்கு நிச்சயம் பிடிக்கும்.

தீவுநாடி

ஒக்கி பற்றிச் சொல்கிறேன் என்றேனே. மட்சுயேவுக்கு வடக்கே ஷிச்சிருய் துறைமுகம், அல்லது தொத்தோரியின் சக்காய்மினாத்தோ. கப்பலில் சுமார் இரண்டரை மணி நேரம், அதிவேகப் படகில் ஒரு மணி நேரத்தை ஒட்டி. ஆள் வாழும் தீவுகள் நான்கு: பெரியது தோகோ, மற்ற மூன்றும் சேர்ந்தது தோசென்.

உங்களுக்கு நான் சொல்வது தோசெனில் நிஷினோஷிமா. குனிகா கடற்கரையில் மத்தென்காய் பாறை, கடலிலிருந்து நேராக 257 மீட்டர். மேலே பச்சைப் புல்வெளி, அதில் குதிரையும் மாடும் வேலி இல்லாமல் மேயும். உச்சி வரை கார் போகும். கணவரும் நீங்களும் அங்கிருந்து சுத்தென்கியோ கல்வளைவு வரை சரிவில் நடந்து இறங்கலாம், அம்மா காரில் கீழே வந்துவிடலாம். யாராவது ஒருவர் ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். கடல் அமைதியாக இருந்தால் கீழிருந்து படகிலும் பாருங்கள். எரிமலை அடுக்குகள் சிவப்பும் கருப்புமாக வெட்டிவைத்தது போல் தெரியும். ஒக்கி முழுதுமே யுனெஸ்கோ உலகப் புவிப்பூங்கா.

அந்தப் புல்வெளிக்கும் ஒரு கதை உண்டு. தீவில் சமநிலம் குறைவு. அதனால் மலையைக் கற்சுவர் கட்டி நான்காகப் பிரித்து, ஒன்றில் மாடு மேய, மற்றவற்றில் பார்லி, பயறு, தினை என்று ஆண்டுதோறும் மாற்றி மாற்றி விதைத்தார்கள். மக்கிஹத்தா என்று பெயர். விவசாயம் நின்றுவிட்டது, சுவர்கள் நிற்கின்றன, மாடுகள் மேய்கின்றன.

அமா ஊர் இருக்கும் நக்கானோஷிமாவுக்குச் சின்னப் படகில் போகலாம். 1221இல் போரில் தோற்ற பேரரசர் கோ-தொபாவை நாடு கடத்தியது இங்கேதான். சிறந்த கவிஞர். 1239இல் இறக்கும்வரை தலைநகருக்குத் திரும்பவே இல்லை. நூறாண்டு கழித்து 1332இல் இன்னொரு பேரரசர் கோ-தைகோவும் ஒக்கிக்கு வந்தார், அவர் மறு ஆண்டே தப்பிப் போனார். தோகோவின் மாட்டுச் சண்டை, மாட்டோடு மாடு தலைமுட்டும் போட்டி, கோ-தொபாவின் மனதைத் தேற்றத் தொடங்கியது என்பது ஊர் வழக்கு.

தோகோவில் தங்கினால் ரொசோக்கு பாறை. மெழுகுவத்தி போல 20 மீட்டர் ஒற்றைக்கல். படகோட்டி சூரியன் அதன் நுனியில் வந்து உட்காரும்படி படகை நிறுத்துவார். வானம் தெளிவாக இருந்தால்தான்.

ஹிரோஷிமாவாசி

தீவுநாடி சொல்வது எல்லாம் சரி, ஆனால் ஒன்றைச் சேர்க்கிறேன். ஒக்கிக் கப்பல் காற்றால் ரத்தாகும். அதனால் தீவை வாரத்தின் கடைசியில் வைக்காதீர்கள், விமானத்தைத் தவறவிட நேரும். முதல் பாதியில் வையுங்கள். இரண்டு தீவுக்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

வழிகாட்டிமரம்

இவாமியைப் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லை. இழையின் தலைப்பில் இருக்கிறதே!

இவாமி கின்சான் வெள்ளிச் சுரங்கம் 2007இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. 1520களில் ஹகாத்தா வணிகர் கமியா ஜூத்தேய் தோண்டத் தொடங்கினார். 1533இல் கொரியாவிலிருந்து ஈயத்தைச் சேர்த்து வெள்ளியைப் பிரிக்கும் முறை வந்ததும் உற்பத்தி பெருகியது. அன்றைய உலக வெள்ளியில் மூன்றில் ஒரு பங்கு ஜப்பானுடையது என்பது வழக்கமாகச் சொல்லும் மதிப்பீடு, அதில் பெரும்பகுதி இந்த மலை. இதை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாந்து போவீர்கள், ஏனென்றால் அங்கே தெரிவது அமைதியான காடு மட்டும். அந்தக் காடுதான் விஷயமே. சுரங்கத்துக்கு மரம் வெட்டிய கையோடு நட்டும் வளர்த்தார்கள். யுனெஸ்கோவின் ஆலோசனைக் குழு முதலில் பதிவைத் தள்ளிப்போடச் சொன்னது. இயற்கையோடு இணைந்து நடந்த சுரங்கம் என்ற வாதம்தான் இடம் வாங்கிக் கொடுத்தது.

சுரங்க ஊரான ஒமோரியின் தெருவில் பழைய வணிகர் வீடுகள், பேக்கரி, கைத்தறித் துணிக்கடை. மக்கள் குடியிருக்கும் தெரு, அருங்காட்சிப் பொருளல்ல. அங்கிருந்து ரியூகென்ஜி சுரங்கப்பாதைக்கு 2 கிலோமீட்டருக்கு மேல் ஏற்ற நடை, பேருந்து கிடையாது. மின்சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். அம்மாவுக்குத் தெரு போதும். தெருவோரம் ரக்கான்ஜி என்ற புத்த கோயில், குகைக்குள் புத்தரின் அடியார்கள் 500 பேர் கல்லில், சுரங்கத்தில் இறந்தவர்களுக்காகச் செதுக்கியது. ஒவ்வொரு முகமும் வேறு. ஒருவர் அழுகிறார், ஒருவர் காதைக் குடைகிறார் போல இருக்கும். தூசியும் புகையும் தின்ற அந்தத் தொழிலாளிகள் முப்பது வயதைத் தொட்டாலே விருந்து வைத்துக் கொண்டாடுவார்கள் என்று சொல்வார்கள். அந்தக் குகையில் நான் நெடுநேரம் நின்றேன்.

இரவுக்கு யுனோத்சு. வெள்ளி ஏற்றிய துறைமுகம், உலகச் சின்னத்தின் பகுதி. ஒரே தெரு, இரண்டு பொதுக் குளியலகங்கள். யக்குஷியு ஊற்று 1872 நிலநடுக்கத்தில் பீறிட்டது. தண்ணீர் நல்ல சூடு, முழங்காலுக்கு இதம். சனிக்கிழமை இரவில் கோயிலில் இவாமி ககுரா என்ற தெய்வக் கூத்து ஆடுவார்கள். மூங்கிலும் செக்கிஷூ காகிதமும் சேர்த்துச் செய்த 17 மீட்டர் பாம்புகள், மேளம், புகை. மேலே மண்வாசம் சொன்ன சுசானோ கதைதான் ஆட்டம்! ஆடுபவர்கள் மீனவர், அலுவலகப் பணியாளர், கடைக்காரர் என உள்ளூர்க்காரர்களே. முன்வரிசையில் உட்கார்ந்தால் பாம்பு மடிமேல் வந்து புரளும்.

இன்னும் மேற்கே சுவானோ ஒரு நாளுக்கு மதிப்புள்ள ஊர். தெருவோரக் கால்வாயில் கொழுத்த கார்ப் மீன்கள், ஆயிரம் சிவப்புத் தோரீ வாயில்கள் ஏறும் இனாரி கோயில் (பின்பக்கம் மேல்வரை கார் போகும்), எழுத்தாளர் மோரி ஒகாய் பிறந்த வீடு. ஒத்தோமே கணவாய்க்கும் போங்கள். நாகசாகியில் பிடித்த மறைவுக் கிறித்தவர்கள் 153 பேரைக் கொண்டுவந்து அடைத்து, மதத்தை விடச் சொல்லிப் பனியிலும் குளத்திலும் வதைத்த இடம். 1873இல் தடை நீங்கும்வரை பலர் இறந்தார்கள். இப்போது காட்டுக்குள் சின்ன மரியாள் தேவாலயம்.

கீழ்வானம்

முடிவு செய்துவிட்டோம். அக்டோபர் கடைசி. மட்சுயே ஒரு இரவு, நிஷினோஷிமா இரண்டு, திரும்பி வந்து அதாச்சியும் மட்சுயேவும் ஒரு இரவு, இசுமோ ஒன்று, யுனோத்சு ஒன்று, சுவானோ ஒன்று. ஒக்குஇசுமோவுக்கு இடமில்லை, மண்வாசம் மன்னிக்கவும். ஹிரோஷிமாவில் காரை விட்டுவிடலாமா?

மண்வாசம்

மன்னிப்பெல்லாம் எதற்கு. மட்சுயேயிலிருந்து இசுமோ போகும் நாளில் காலை சீக்கிரம் கிளம்பி யோஷிதாவைச் சுற்றிக்கொண்டு வாருங்கள். நெடுஞ்சாலை இறங்குமிடத்துக்குப் பக்கம்தான் சுகாயா. மதியம் கோயிலில் இருக்கலாம்.

ஹிரோஷிமாவாசி

ஹிரோஷிமாவில் விடலாம். எடுத்த ஊருக்குத் திருப்பாததற்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள், பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

வழிகாட்டிமரம்

யுனோத்சு சனிக்கிழமையில் விழும்படி வைத்து, மற்ற நாட்களை அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். அந்தத் தெருவில் விடுதிகள் குறைவு, முதலில் அதைப் பதிவு செய்துவிட்டுத்தான் கப்பல் சீட்டு. அம்மாவுக்கு நாற்காலி வேண்டும் என்று விடுதிக்காரரிடம் முன்பே சொல்லுங்கள், ககுரா பார்ப்பவர்கள் தரையில் உட்காருவார்கள்.